பென்டாவேலன்ட் குப்பியில் ‘தையோமெர்சல் 0.005%’: எவ்வளவு பாதரசம், ஏன் இன்னும் இருக்கிறது?

கோதை (கேள்வி)

வணக்கம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஊசி போட வரும் தாய்மாருக்காக ஒரு கேள்வி-பதில் கையேடு தயாராகிறது. 2025 ஜூனில் அமெரிக்காவின் தடுப்பூசி ஆலோசனைக் குழு, பாதரசம் கலந்த ஃப்ளூ ஊசி வேண்டாம் என்று வாக்களித்தது. அந்தச் செய்தியோடு நம் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி) குப்பியின் லேபிளையும் படம் பிடித்து, ‘தையோமெர்சல் 0.005%’ (குப்பிக்குள் கிருமி வளராமல் தடுக்கச் சேர்க்கும் பாதரசக் கூட்டுப்பொருள்) என்ற வரிக்கு வட்டம் போட்டு வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். படத்தைக் காட்டிக் கேட்கும் தாயிடம் “அதெல்லாம் ஒன்றுமில்லைம்மா” என்று சொல்லி அனுப்பினால் அடுத்த தவணைக்கு அவர் வரமாட்டார்.

தெரிய வேண்டியவை: 0.005% என்றால் ஒரு ஊசியில் எவ்வளவு பாதரசம்? 14 வாரத்துக்குள் மொத்தம் எவ்வளவு? எந்த ஊசியில் இருக்கிறது, எதில் இல்லை? அமெரிக்கா 1999-லேயே குழந்தை ஊசிகளிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டது என்றால் இங்கே ஏன் எடுக்கவில்லை? ஆட்டிசம் பற்றிய பேச்சுக்கு ஆதாரம் உண்டா? கணக்கோடும் காரணத்தோடும் பதில் தந்தால் உதவியாக இருக்கும்.

---

மருந்தியல் முகில்

முதலில் கணக்கு. 0.005% என்றால் 100 மி.லி.யில் 5 மில்லிகிராம். ஒரு மி.லி.யில் 50 மைக்ரோகிராம், 0.5 மி.லி. டோஸில் 25 மைக்ரோகிராம் தையோமெர்சல். இந்த 25-ஐ அப்படியே பாதரசம் என்று எழுதிவிடுவதுதான் அந்தப் படங்களில் இருக்கும் முதல் பிழை. தையோமெர்சலின் எடையில் பாதரசம் 49.6%. ஆக ஒரு டோஸில் 12.4 மைக்ரோகிராம், நூல்களில் 12.5 என்று முழுதாக்கிப் போடுவார்கள். சில நிறுவனங்களின் லேபிளில் 0.01% என்று இருக்கும். அதில் இரட்டிப்பு, 25 மைக்ரோகிராம். கையேட்டில் ஒரே எண்ணைப் போடாமல் இரண்டையும் போடுங்கள். அடுத்த மாதம் வேறு நிறுவனத்தின் சரக்கு வந்து இறங்கும்.

அரசு அட்டவணைப்படி பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஒன்று. 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் மூன்று. இந்த நான்கை மட்டும் எடுத்துக்கொண்டால், நான்கும் 0.005% என்றால் 14 வாரத்தில் மொத்தம் 50 மைக்ரோகிராம், நான்கும் 0.01% என்றால் 100. ஒப்பிட்டுப் பார்க்க: 1990களின் அமெரிக்க அட்டவணையில் ஆறு மாதத்துக்குள் அதிகபட்சம் 187.5 மைக்ரோகிராம் (தொண்டை அடைப்பான்-டெட்டனஸ்-கக்குவான் ஊசியான டி.டி.ஏ.பி. 75, மூளைக்காய்ச்சல் பாக்டீரியாவுக்கான ஹிப் 75, ஹெபடைடிஸ் பி 37.5). சர்ச்சையே அந்த எண்ணிலிருந்துதான் கிளம்பியது.

எதில் இல்லை என்பதை இப்படி நினைவில் வையுங்கள்: உயிருள்ள கிருமி கொண்ட எந்த ஊசியிலும் இருக்காது, இருக்கவும் முடியாது. சேர்த்தால் உள்ளே இருக்கும் கிருமியே செத்துவிடும். பி.சி.ஜி. (காசநோய்), எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா), போலியோ சொட்டு, ரோட்டா, உயிர் வகை ஜே.இ. (ஜப்பானிய மூளைக்காய்ச்சல்) எல்லாம் இந்தக் கணக்கில் சேராது. ஊசியாகப் போடும் போலியோ மருந்திலும் கிடையாது. தையோமெர்சல் பட்டால் அதன் வீரியம் குறைந்துவிடும் என்பதால் அதில் 2-ஃபீனாக்ஸிஎத்தனால் சேர்க்கிறார்கள். பல டோஸ் குப்பிகளில் வரும் ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட், டி.பி.டி., டி.டி. (டெட்டனஸ்-டிப்தீரியா; 10, 16 வயதுக்கும் கர்ப்பிணிகளுக்கும் போடுவது) ஆகியவற்றில் இருக்கும். நிமோனியாவுக்கான பி.சி.வி.யில் நிறுவனத்தைப் பொறுத்து மாறும். லேபிளைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்து “வரம்பைத் தாண்டுகிறது” என்ற வாதம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மைக்ரோகிராம். இது மெத்தில் பாதரசத்துக்கு விதித்தது. 1999-ல் நடப்பில் இருந்த அந்த எண், 1971-72-ல் ஈராக்கில் மெத்தில் பாதரசம் பூசிய விதைத் தானியத்தை மக்கள் ரொட்டியாகச் சுட்டுத் தின்ற பேரிடரின் தரவிலிருந்து வந்தது. அதிலும் கருவில் இருந்த குழந்தைகளுக்கு ஏற்பட்ட பாதிப்பைப் பார்த்து, அதற்கும் பத்து மடங்கு கீழே வைத்த எல்லை. ஒருவர் ஆயுள் முழுக்க ஒவ்வொரு நாளும் உட்கொண்டாலும் பாதகமில்லை என்று கருதும் அளவு அது. ஒரு நாள் மீறினால் நஞ்சாகும் என்ற கோடு கிடையாது.

அப்படியே எடுத்துக்கொண்டாலும் கணக்கு இதுதான். ஆறு வாரக் குழந்தை 4.5 கிலோ என்று வைத்தால் நாளுக்கு 0.45, அடுத்த ஊசி வரைக்கும் 28 நாளுக்கு 12.6. 0.005% குப்பியின் ஒரு டோஸ் 12.4. சராசரியாகப் பார்த்தால் எல்லையை ஒட்டி நிற்கிறது. 0.01% குப்பியானால் தாண்டும். ஊசி போட்ட அந்த ஒரு நாளை மட்டும் பார்த்தால் இரண்டுமே தாண்டும். மறைக்க வேண்டியதில்லை, கேட்டால் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அடுத்த பகுதியையும் சொல்லுங்கள்.

தையோமெர்சல் உடலில் பிரிந்து தருவது எத்தில் பாதரசம். ஜப்பானின் மினமாட்டாவில் மீன் வழியாக மக்களைச் சிதைத்தது மெத்தில் பாதரசம். மெத்தில் பாதரசம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏழு வாரம் அளவுக்கு ஆகிறது. 2002-ல் ‘லான்செட்’ இதழில் வந்த பிச்சிகேரோ குழுவின் ஆய்வு, ஊசி போட்ட கைக்குழந்தைகளிடம் எத்தில் பாதரசம் சுமார் 7 நாளில் பாதியாவதையும், மலம் வழியாக வெளியேறுவதையும் காட்டியது. அந்த ஆய்வில் தென்பட்ட மிக உயர்ந்த ரத்த அளவு, லிட்டருக்கு சுமார் 4.1 மைக்ரோகிராம். ஒரு குழந்தைக்கு 37.5 மைக்ரோகிராம் பாதரசம் போட்ட ஐந்தாம் நாள் எடுத்த அளவு அது. நம் ஊரில் பென்டாவேலன்ட் ஊசியால் மட்டும் ஒரே நாளில் அவ்வளவு சேருவதில்லை.

---

வாசகன்

முகில் சொன்னதில் பாதிதான் கதை. ரத்தத்தைவிட்டு வேகமாகப் போகிறது என்பதால் உடலைவிட்டே போய்விட்டது என்று ஆகாது. 2005-ல் பர்பாக்கர் குழு குரங்குக் குட்டிகளில் செய்த ஆய்வில், தையோமெர்சல் போட்ட குட்டிகளின் மூளையில் கனிம வடிவப் பாதரசத்தின் பங்கு கூடுதலாக இருந்ததே? கனிம வடிவம் மூளையை விட்டு எளிதில் வெளியேறாது. இன்னொன்று: எத்தில் பாதரசம் சாதுவான பொருள் என்ற தொனியும் சரியில்லை. தொப்புள் பிதுக்கத்தோடு பிறந்த 13 குழந்தைகளுக்கு இதே தையோமெர்சல் கரைசலைத் திரும்பத் திரும்பப் பூசியதில் 10 பேர் இறந்ததாக 1977-ல் மருத்துவக் கட்டுரை வந்திருக்கிறது.

டென்மார்க் ஆய்வையும் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். 1995 முதல் அந்த நாட்டுப் பதிவேட்டில் வெளிநோயாளிகளையும் சேர்க்கத் தொடங்கினார்கள். எண்ணிக்கை அதனாலேயே ஏறும். “பாதரசத்தை எடுத்த பிறகும் ஆட்டிசம் கூடியது” என்ற முடிவு அங்கேயே ஆட்டம் காண்கிறதே?

---

நங்கை (நோய்ப்பரவலியல்)

வாசகனின் இரண்டு கேள்விகளும் நியாயமானவை.

பர்பாக்கர் ஆய்வின் எண்களை முழுதாகப் போடுகிறேன். தையோமெர்சல் குட்டிகளின் மூளைப் பாதரசத்தில் கனிம வடிவம் 34%, மெத்தில் பாதரசம் கொடுத்தவற்றில் 7%. இது உண்மை. அதே கட்டுரையில், தையோமெர்சல் குட்டிகளின் மூளையில் மொத்தப் பாதரசம் சுமார் மூன்று மடங்கு குறைவு என்பதும் இருக்கிறது. அங்கே அளந்தது பாதரசம் எங்கே தங்குகிறது என்பதைத்தான். அதனால் குட்டிகளுக்கு என்ன ஆயிற்று என்பதை அல்ல. அதைப் பார்த்தது 2015-ல் வந்த இன்னொரு ஆய்வு. 79 ரீசஸ் குரங்குக் குட்டிகள். அவற்றில் 1990களின் அமெரிக்க அட்டவணைப்படி தையோமெர்சல் ஊசி போட்ட குழுவும் உண்டு. நடத்தையிலும், சிறுமூளை, ஹிப்போகாம்பஸ், அமிக்டலா திசுக்களிலும் மாறுபாடு தெரியவில்லை. அதற்குப் பணம் கொடுத்தவர்களில், பாதரசமே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று வாதாடிவந்த சேஃப்மைண்ட்ஸ் அமைப்பும் ஒன்று.

தொப்புள் பிதுக்கக் குழந்தைகள் விஷயம் சரி. அதிக அளவில் எத்தில் பாதரசம் கொல்லும். யாரும் மறுக்கவில்லை. திறந்த சவ்வின் மேல் நாள்தோறும் பூசிய அளவுக்கும் 12.5 மைக்ரோகிராமுக்கும் எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி.

டென்மார்க் பற்றிய குறையும் சரி. 1992-ல் அங்கே தையோமெர்சலை நிறுத்திய பிறகு போக்கு எப்படி மாறியது என்று பார்த்த மேட்சன் கட்டுரைக்கு (2003) அந்தப் பலவீனம் உண்டு. அதை முதன்மை ஆதாரமாகக் கையேட்டில் வைக்காதீர்கள். அதே 2003-ல் ஹ்வீட் குழு வேறு விதமாகப் பார்த்தது. 1990 முதல் 1996 வரை பிறந்த 4,67,450 குழந்தைகள். ஒரே கக்குவான் தடுப்பூசி. ஒரு காலம் வரை தையோமெர்சலோடு, பிறகு அது இல்லாமல். இரு பிரிவினரையும் ஒரே வயதில், ஒரே ஆண்டில் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். பதிவேட்டு முறை மாறினால் அது இரு பக்கத்தையும் சமமாகத் தொடும். ஆட்டிசத்துக்கு ஒப்பீட்டு வீதம் 0.85 (1 என்றால் இரு பிரிவிலும் ஒரே அளவு), நம்பக வரம்பு 0.60 முதல் 1.20. வரம்புக்குள் 1 இருப்பதால் வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல முடியாது. டோஸ் கூடக் கூட ஆபத்து கூடும் போக்கும் இல்லை. என் கணிப்பில் இந்தச் சர்ச்சையில் மிக வலுவான ஒற்றை ஆய்வு இதுதான்.

கலிஃபோர்னியாவிலும் பார்த்தார்கள். 2001-க்குப் பிறகு குழந்தைத் தடுப்பூசிகளிலிருந்து தையோமெர்சல் ஏறக்குறைய நீங்கிவிட்டது. 2007 மார்ச் வரையிலான அரசுச் சேவைப் பதிவுகளில் ஆட்டிசம் இறங்கவில்லை, ஏறிக்கொண்டே போனது.

“ஒன்றுமே கிடைக்கவில்லை” என்று எழுதுவதும் தவறு. 2007-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினர் 7 முதல் 10 வயதுள்ள 1,047 பிள்ளைகளிடம் 42 நரம்புளவியல் அளவுகளைச் சோதித்தார்கள். சில அளவுகளில் தையோமெர்சல் கூடுதலாகப் பெற்றவர்கள் சற்று மேல், சிலவற்றில் சற்று கீழ். 42 சோதனை செய்தால் தற்செயலாகவே சில இப்படி வரும். ஆனால் ஆண் பிள்ளைகளிடம் முகச் சுளிப்பு, தொண்டைச் செருமல் போன்ற ‘டிக்’ அசைவுகளோடு ஒரு தொடர்பு தெரிந்ததை அந்தக் கட்டுரையே சொல்கிறது. ஆட்டிசம் அந்த 42-ல் இல்லை. அதைத் தனியாக ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள், தொடர்பு இல்லை.

ஒரு குழப்பத்தைக் கையேட்டில் கட்டாயம் தெளிவுபடுத்துங்கள். பிரிட்டிஷ் மருத்துவர் வேக்ஃபீல்டு 1998-ல் எழுதி, 2010-ல் ‘லான்செட்’ திரும்பப் பெற்ற கட்டுரை, எம்.எம்.ஆர். (தட்டம்மை-பொன்னுக்குவீங்கி-ரூபெல்லா) ஊசியை ஆட்டிசத்தோடு இணைத்தது. எம்.எம்.ஆரில் தையோமெர்சல் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இரண்டும் வேறு வேறு குற்றச்சாட்டுகள். வாட்ஸப்பில் ஒன்றாகக் கட்டி அனுப்புகிறார்கள்.

---

கோல்ட்செயின் தாமோ

“ஏன் இன்னும் இருக்கிறது” என்பதற்கு என் பங்கு.

10 டோஸ் குப்பி என்றால் ஒரே ரப்பர் மூடியில் பத்து முறை ஊசி இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் தோலில், காற்றில், கையில் இருக்கும் பாக்டீரியா உள்ளே போக ஒரு வாய்ப்பு. 1928 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பண்டபர்க் ஊரில் தொண்டை அடைப்பான் மருந்தை இப்படித்தான் ரப்பர் மூடிக் குப்பியிலிருந்து பல நாள் எடுத்துப் போட்டார்கள். கிருமித்தடுப்புப் பொருள் எதுவும் அதில் சேர்க்கவில்லை. கோடைக்காலம். ஜனவரி 27-ல் ஊசி போட்ட 21 குழந்தைகளில் 12 பேர் இறந்தார்கள். குப்பிக்குள் ஸ்டஃபிலோகாக்கஸ் வளர்ந்திருந்தது. கெல்லவே தலைமையிலான விசாரணை ஆணையம், கிருமித்தடுப்பு இல்லாத மருந்தைப் பல டோஸ் குப்பியில் கொடுக்கவே கூடாது என்றது. தையோமெர்சல் 1930களில் தடுப்பூசிக்குள் வந்ததன் பின்புலம் இதுதான். அமெரிக்காவில் 1968-ல் அதைச் சட்ட விதியாகவே ஆக்கினார்கள்.

நம் நாட்டிலும் ஒன்று உண்டு. 1902 அக்டோபரில் அன்றைய பஞ்சாபின் மல்கோவாலில் (இன்று பாகிஸ்தானில்) விஞ்ஞானி ஹாஃப்கினின் பிளேக் தடுப்பூசி 107 பேருக்குப் போடப்பட்டது. ஒரே ஒரு குப்பியிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸால் இறந்தார்கள். கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விட்டு வெப்பத்தால் மட்டும் கிருமி நீக்கியதே காரணம் என்று முதலில் ஹாஃப்கின் மேல் பழி விழுந்தது. குப்பியைத் திறந்த இடத்தில் தரையில் விழுந்த இடுக்கியைச் சரியாகக் கிருமி நீக்காமல் பயன்படுத்தியது பின்னால் வெளிவந்தது. 1907-ல்தான் அவர் மேல் இருந்த களங்கம் நீங்கியது.

இது பழங்கதை இல்லை. 2017 மே மாதம் தெற்கு சூடானின் கபோயெட்டா பகுதியில் தட்டம்மை ஊசி முகாமில் 15 குழந்தைகள் இறந்தார்கள். நான்கு நாளும் மருந்தைக் கரைக்க ஒரே சிரிஞ்ச், குளிர்ப்பெட்டி இல்லை. தட்டம்மை ஊசியில் கிருமித்தடுப்புப் பொருள் கிடையாது. அதனால்தான் எம்.ஆர்., பி.சி.ஜி. குப்பியைக் கரைத்த நேரத்தை மேலே எழுதி, 4 மணி நேரத்தில் அல்லது முகாம் முடிந்ததும், எது முந்துகிறதோ அப்போது ஒதுக்கச் சொல்கிறோம். தாண்டிப் போட்டால் வருவது டாக்ஸிக் ஷாக். சில மணி நேரத்தில் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு; அதோடு குழந்தை துவண்டுவிடும்.

தையோமெர்சல் உள்ள குப்பிகளைத்தான் திறந்த குப்பிக் கொள்கைப்படி 28 நாள் வரை வைக்கிறோம். (ஊசிப் போலியோவும் வேறு கிருமித்தடுப்பு உள்ள பி.சி.வி.யும் இதே வரிசை.) ஆனால் ஒன்றைச் செவிலியர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்: தையோமெர்சல் மெதுவாக வேலை செய்யும் பொருள். அமெரிக்க மருந்துநூல் சோதனையில் ஊசி மருந்துகளுக்குக் கேட்பது, கலந்த பாக்டீரியா 7 நாளில் பத்தில் ஒன்றாகவும் 14 நாளில் ஆயிரத்தில் ஒன்றாகவும் குறைய வேண்டும் என்பதுதான். காலை பத்து மணிக்கு அழுக்கு ஊசி குத்தினால் பத்தேகாலுக்கு எடுக்கும் டோஸை அது காப்பாற்றாது. 1980களில் அமெரிக்காவிலேயே டி.பி.டி. பல டோஸ் குப்பியால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சீழ்க்கட்டிகள் வந்தன. தையோமெர்சல் இருந்தும் வந்தன. வைரஸ்களுக்கு அது காவலே இல்லை.

அதனால் களத்தில் கவனிக்க வேண்டியவை: திறந்ததும் குப்பியில் தேதியும் நேரமும் எழுத வேண்டும். ஒரு டோஸ் எடுத்ததும் ஊசியை மூடியிலேயே குத்தி நிறுத்திவைக்கக் கூடாது. நிறுத்தினால் அது திறந்த வாசல். ஏ.டி. சிரிஞ்சின் (ஒரு முறைக்குமேல் பயன்படாமல் தானே பூட்டிக்கொள்வது) பிஸ்டனை முன்கூட்டி இழுத்துக் காற்றை ஏற்றக் கூடாது; சிரிஞ்ச் பூட்டிக்கொள்ளும், டோஸும் வீண். உருகிய ஐஸ் தண்ணீரில் குப்பி முழுகி ரப்பர் மூடி நனைந்தால் தேதி எப்படியிருந்தாலும் ஒதுக்குங்கள். இது பெரும்பாலும் தடுப்பூசி எடுத்துப்போகும் கேரியரில் ஐஸ் பேக் கசிவதால் நடக்கிறது. குப்பிகளை ஜிப் பையில் போட்டு வைத்தால் தவிர்க்கலாம். முகாமிலிருந்து திரும்பிய திறந்த குப்பிகளை ஐ.எல்.ஆரில் (தடுப்பூசிக் குளிர்பெட்டி) தனிப் பெட்டியில் வைத்து அடுத்த முறை முதலில் எடுக்க வேண்டும். குப்பி வெப்பத்தில் கெட்டதா என்று காட்டும் வி.வி.எம். அடையாளத்தின் உள் சதுரம் வெளி வட்டத்தின் நிறத்தை எட்டினாலும், உறைந்தாலும், லேபிள் கிழிந்து எழுத்து தெரியாவிட்டாலும் போடக் கூடாது. பக்கவிளைவுப் புகார் வந்த குப்பியை எறியாதீர்கள். ‘பயன்படுத்தாதே’ என்று எழுதிப் பையிலிட்டு அதே குளிரில் வைத்தால்தான் விசாரணையில் சோதிக்க முடியும்.

“ஒற்றை டோஸாகக் கொடுத்துவிடலாமே” என்பார்கள். கொடுக்கலாம், பணமும் இடமும் இருந்தால். பத்து குழந்தைக்கு ஒரு குப்பி இருந்த இடத்தில் பத்து குப்பி வந்தால் ஐ.எல்.ஆர்., கேரியர், வண்டி, கண்ணாடிக் கழிவு எல்லாம் பல மடங்காகும். துணை சுகாதார நிலையத்துக்கு ஒரே கேரியரைத் தோளில் மாட்டிக்கொண்டு போகும் செவிலியர் அதில் எத்தனை குழந்தைக்கான மருந்தை எடுத்துப் போக முடியும் என்பதில்தான் இது வந்து நிற்கிறது. தையோமெர்சலுக்குப் பதில் வேறு பொருளைப் போடுவதும் சுலபமில்லை. ஃபீனால் டெட்டனஸ், டிப்தீரியா டாக்ஸாய்டுகளைக் கெடுக்கும். எதை மாற்றினாலும் வீரியம், நிலைப்பு எல்லாவற்றையும் மறுபடி நிரூபித்து உரிமம் வாங்க வேண்டும். 2013-ல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை உலகம் முழுக்கப் பாதரசப் பொருள்களைக் குறைக்கச் சொன்னபோது, தையோமெர்சல் சேர்த்த தடுப்பூசிகளை மட்டும் பட்டியலிலிருந்து விலக்கிவைத்ததற்கு இதுவே காரணம்.

---

கோதை

மிக்க நன்றி. ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஆபத்து தெரியவில்லை என்றால் அமெரிக்கா 1999-ல் ஏன் எடுக்கச் சொன்னது? 2025-ல் மறுபடி ஏன் வாக்கெடுப்பு? “தப்பு இல்லாமலா எடுப்பார்கள்” என்ற கேள்வி கட்டாயம் வரும்.

---

நங்கை

அங்கே ஒரு தப்பு நடந்தது. மருந்தில் அல்ல, கண்காணிப்பில்.

1990களின் தொடக்கத்தில் ஹிப், ஹெபடைடிஸ் பி இரண்டும் கைக்குழந்தை அட்டவணையில் சேர்ந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து அனுமதி கொடுத்தவர்கள், ஏற்கெனவே இருந்த டி.பி.டி.யையும் சேர்த்து மூன்றாலும் ஒரு குழந்தைக்கு எவ்வளவு பாதரசம் போகிறது என்று கூட்டிப் பார்க்கவில்லை. 1997-ல் உணவு மருந்து நிர்வாகச் சீர்திருத்தச் சட்டம், பாதரசம் சேர்த்த எல்லாப் பொருள்களையும் பட்டியலிடச் சொன்னது. பட்டியலிட்டபோதுதான் 187.5 என்ற எண் வெளிவந்தது. சுற்றுச்சூழல் முகமையின் வரம்பைத் தாண்டியது. உணவு மருந்து நிர்வாகத்தின் சொந்த வரம்பையோ உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பையோ தாண்டவில்லை.

1999 ஜூலையில் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் பொது சுகாதாரத் துறையும் கூட்டறிக்கை விட்டன: தீங்கு நடந்ததாகச் சான்று இல்லை, ஆனாலும் கூடிய விரைவில் நீக்க வேண்டும். முன்னெச்சரிக்கை என்ற வகையில் நோக்கம் குறை சொல்ல முடியாதது. விதம்தான் பிசகு. அவசரத்தில் எழுதி, மருத்துவமனைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லாமல் விட்டார்கள். ஆபத்து குறைந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு மட்டும் பிறப்பு டோஸைத் தள்ளிப்போடலாம் என்பதை, சில மருத்துவமனைகள் எல்லாக் குழந்தைக்கும் நிறுத்தலாம் என்று எடுத்துக்கொண்டன. ஹெபடைடிஸ் பி உள்ள தாய்க்குப் பிறந்து, பிறப்பு டோஸ் கிடைக்காமல் மிச்சிகனில் மூன்று மாதக் குழந்தை ஒன்று அந்த நோயாலேயே இறந்தது. பாதரசத்தால் ஒரு குழந்தைக்குக் கேடு வந்ததாக நிறுவப்படவில்லை. நீக்கிய அவசரத்தில் ஒரு உயிர் போனது.

2001-ல் தேசிய அறிவியல் அகாதமியின் மருத்துவக் கழகம், முடிவு சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2004-ல், அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் வைத்து, ஆட்டிசத்தோடு காரண உறவு இல்லை என்ற பக்கமே ஆதாரம் சாய்வதாகச் சொன்னது. தடுப்பூசி இழப்பீட்டு நீதிமன்றமும் 2010 மார்ச்சில் தையோமெர்சல் வாதத்தை முன்வைத்த மூன்று மாதிரி வழக்குகளைத் தள்ளியது.

2025-ல் நடந்தது வேறு வகை. ஜூன் 9 அன்று சுகாதாரச் செயலர் கென்னடி, ஆலோசனைக் குழுவின் 17 உறுப்பினர்களையும் ஒரே நாளில் நீக்கினார். புதிதாக அமர்த்திய குழு ஜூன் 26-ல் வாக்களித்தது: ஆதரவு 5, எதிர்ப்பு 1, வாக்களிக்காதவர் 1. வழக்கமாக ஒரு பணிக்குழு மாதக்கணக்கில் ஆதாரங்களைத் தரம் பிரித்து, பலனையும் தீங்கையும் எடைபோட்டு, பிறகே வாக்கெடுப்பு நடக்கும். இந்த முறை அது இல்லை. தடுப்பூசி எதிர்ப்பு அமைப்பு ஒன்றின் முன்னாள் தலைவர் வந்து விளக்கவுரை தந்தார். முன்கூட்டி வலையேற்றிய அவருடைய விளக்கப் படங்களில், இல்லாத ஓர் ஆய்வு மேற்கோளாக இருந்தது. அதை எழுதியவராகக் காட்டப்பட்ட விஞ்ஞானியே தாம் அப்படி எழுதவில்லை என்றார். அந்தப் படம் நீக்கப்பட்டது. மறுபக்கம், நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வல்லுநர்கள் தயாரித்த ஆதாரத் தொகுப்பு தளத்திலிருந்து எடுக்கப்பட்டது. அமெரிக்காவின் ஃப்ளூ ஊசிகளில் ஏறக்குறைய 96% அப்போதே தையோமெர்சல் இல்லாதவை. ஆகவே அங்கே நடைமுறையில் பெரிய மாற்றமில்லை. அந்தச் செய்தி எட்டிய மற்ற நாடுகளில் அதன் விலை கூடுதல். உங்கள் கையேட்டுக்கு இப்போது இந்தப் பக்கம் தேவைப்படுவதே அதனால்தான்.

நம் பக்கம் கண்காணிப்பு எப்படி என்றும் ஒரு பத்தி சேருங்கள். உரிமம் தருவது மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. ஒவ்வொரு தொகுதியும் கசௌலி மத்திய மருந்து ஆய்வகத்தின் ஒப்புதல் பெற்ற பிறகே வெளியே வரும். அட்டவணையில் எதைச் சேர்ப்பது என்பதில் ஆலோசனை சொல்வது தேசியத் தடுப்பூசி தொழில்நுட்ப ஆலோசனைக் குழு. தவறு தெரிந்தால் நடவடிக்கை வரும், அதற்கும் விலை உண்டு. 2008 ஜனவரியில் உற்பத்தித் தரக் குறைவு என்று கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் மூன்றின் உரிமத்தையும் நிறுத்திவைத்தார்கள். தரம் பார்த்தது சரி. மாற்று ஏற்பாட்டை உறுதிசெய்யாமல் மூன்றையும் ஒரே வீச்சில் நிறுத்தியது சரியில்லை என்பது என் கருத்து.

---

கோதை

வரைவு: “தமிழ்நாட்டு அரசுத் தடுப்பூசிகளில் பாதரசம் இல்லை. தையோமெர்சல் என்ற பாதுகாப்பான மருந்து மட்டுமே மிகச் சிறிய அளவில் உள்ளது. இதனால் எந்தப் பக்கவிளைவும் வராது.” இது சரியா?

---

மருந்தியல் முகில்

மூன்று வாக்கியமும் மாற வேண்டும். பாதரசம் இருக்கிறது. “இல்லை” என்று அச்சடித்தால், லேபிளைப் படம் பிடித்தவர் கையில் நீங்களே ஆயுதம் கொடுத்தது போல. “எந்தப் பக்கவிளைவும்” என்பதும் தவறு. ஊசி போட்ட இடத்தில் சிவப்பும் வீக்கமும் வரலாம், சிலருக்கு ஒவ்வாமையும் உண்டு. ஒட்டுச் சோதனையில் தையோமெர்சலுக்குத் தோல் சிவக்கிறவர்களில் பெரும்பாலோர் ஊசியை எந்தத் தொல்லையும் இல்லாமல் தாங்கிக்கொள்கிறார்கள் என்பதையும் செவிலியர் குறிப்பில் வைக்கலாம். இப்படி எழுதிப் பாருங்கள்:

“பல குழந்தைகளுக்கு ஒரே குப்பியிலிருந்து போடும் ஊசிகளில், குப்பிக்குள் கிருமி வளராமல் தடுக்கத் தையோமெர்சல் சேர்க்கிறார்கள். அதில் எத்தில் பாதரசம் உண்டு. ஒரு ஊசியில் 12.5 அல்லது 25 மைக்ரோகிராம். மீனிலும் தொழிற்சாலைக் கழிவிலும் வரும் மெத்தில் பாதரசத்தைவிட இது உடலிலிருந்து வேகமாக வெளியேறும். லட்சக்கணக்கான குழந்தைகளிடம் பார்த்ததில் ஆட்டிசத்தோடு தொடர்பு தெரியவில்லை. ஊசி போட்ட இடத்தில் வீக்கம், ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம். காய்ச்சல் குறையாவிட்டால், வாந்தி, வலிப்பு வந்தால், குழந்தை துவண்டால் உடனே வாருங்கள். குப்பியையும் திறந்த தேதியையும் பார்க்க விரும்பினால் செவிலியரிடம் கேளுங்கள், காட்டுவார்.”

---

கோல்ட்செயின் தாமோ

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், கோதை. அதை அச்சடிக்கும் முன் எல்லா மையத்திலும் குப்பி மேல் தேதி எழுத அழியாத மை மார்க்கர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது ஐஸ் ஈரத்தில் இரண்டாம் நாளே அழிந்துவிடும். தேதி தெரியாத திறந்த குப்பியைக் கொள்கைப்படி ஒதுக்கியாக வேண்டும், உள்ளே எட்டு டோஸ் மிச்சம் இருந்தாலும்.